பழைய பதிப்புக்கு இனி ஆதரவில்லை

சனிக்கிழமை வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரனோடு சிங்களத்தில் விலை பேசிக்கொண்டிருந்தபோதுதான் பிரியந்தனுக்கு அத்தானின் அழைப்பு வந்தது. அக்கா உஷாந்தியை வியாழக்கிழமை மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மீனை அப்படியே விட்டுவிட்டு ஓரமாகப் போய் நின்றான்.

"மச்சான், வீட்டுல இருந்து மெஷின கொண்டாந்துட்டேன். தொறக்குது, ஆனா கறுப்பாவே நிக்குது. அவ கண்ணு அதையே பாத்துக்கிட்டு இருக்கு," என்றார் அத்தான் புஷ்பராஜ்.

புஷ்பராஜ் லேசில் பதறுகிற ஆள் இல்லை. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கொட்டாஞ்சேனை இரும்புக் கடையொன்றில் வேலை செய்து, யாழ்ப்பாணத்துப் பெண்ணைக் காதலித்துக் கட்டி, அவள் வீட்டார் நாலு வருசம் முகம் கொடுக்காதபோதும் சிரித்துக்கொண்டு நின்ற மனிதர். அவருடைய குரல் அன்று தேய்ந்துபோயிருந்தது. டொக்டர் காலையில் சொன்னதை ஒவ்வொன்றாகச் சொன்னார். சளி நுரையீரலைப் பிடித்துவிட்டது, மூக்கில் மாட்டுகிற முகமூடி இனித் தாங்காது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து மெஷின் மூச்சில் வைத்திருக்கலாம். வைத்தால் பல மாதம், ஏன், வருசக்கணக்காகவும் இருப்பாள். ஆனால் அந்தக் குழாயை விட்டு ஒருநாளும் மீள மாட்டாள். வைக்காவிட்டால் வலி தெரியாமல் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். நோயாளியின் அறிவு தெளிவாக இருக்கிறது, ஆகவே அவரையே கேளுங்கள், ஞாயிறு மத்தியானத்துக்குள் முடிவு வேண்டும் என்று சொல்லிவிட்டு டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அவரையே கேளுங்கள் என்றால் கேட்கலாம்தான். பதில் சொல்கிற வாய் அந்த மெஷின் அல்லவா.

உஷாந்தியை மூன்று வருசமாகத் தின்றுகொண்டிருந்தது நரம்பு நோய். கை, கால், நாக்கு என்று ஒவ்வொன்றாகப் பறித்துவிட்டு, கடைசியில் இரண்டு கண்மணிகளை மட்டும் விட்டுவைத்தது. அவள் புதுக்கடை நீதிமன்றத்தில் தமிழுக்கும் சிங்களத்துக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தவள். சாட்சி சொன்னதில் ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். வீட்டிலும் அப்படித்தான். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மெருகு பூசிச் சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மெஷினைச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தவன் பிரியந்தன். கனடாவிலிருந்து மாமா மகன் அனுப்பிய விரல் நீளக் கமரா, ஒரு பழைய சின்னக் கொம்பியூட்டர், ஒரு ஸ்பீக்கர், இவ்வளவுதான் சாமான். கண்மணி எந்த எழுத்தில் நிற்கிறதென்று கமரா பார்க்கும். எழுத்துகள் சேர்ந்து சொல்லானதும் ஸ்பீக்கர் வாசிக்கும். குரல் இந்தியாவில் செய்த குரல். "சோறு குழைஞ்சு போச்சுது" என்று அக்கா எழுதினால் அது தேர்தல் முடிவு அறிவிக்கிற மாதிரி வாசிக்கும். "கலியாணம் கட்டினது தோட்டத்துக்காரனை, நாக்கு போனது சென்னைக்கு" என்று அவள் அதிலேயே எழுதிப் பகிடி விட, புஷ்பராஜ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். அந்த வீட்டில் அதன் பிறகு மெஷினை யாரும் மெஷின் என்று நினைக்கவில்லை.

பிரியந்தனுக்குச் சம்பளம் தந்தது ஒரு கம்பனி. சம்பளமில்லாமல் அவன் செய்துவந்தது பொதி கட்டும் வேலை. மென்பொருளை எழுதுகிறவர்கள் உலகத்தில் எங்கேயோ இருப்பார்கள். அவர்கள் எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டால் யாருடைய கொம்பியூட்டரிலும் குந்தாது. அதற்கு இன்ன துணைப் பொருட்கள் வேண்டும், பைத்தன் என்ற கொம்பியூட்டர் மொழியில் இன்ன பதிப்புக்கு மேல் வேண்டும் என்று தலைப்பில் எழுதி, கட்டி, எல்லோரும் இறக்கிக்கொள்ளும் பொதுக் களஞ்சியத்தில் வைக்க ஒருவன் வேண்டும். கண்ணசைவை வாசிக்கும் மென்பொருளுக்கு அந்த ஒருவன் பிரியந்தன். அக்காவுக்காகத் தொடங்கினான், பிறகு உலகத்துக்கே கட்டினான், கடைசியில் உலகத்துக்குக் கட்டுகிற பெருமையில் அக்காவை மறந்துபோனான்.

எழுதுகிறவர்களுக்குப் பழையதைச் சுமக்கப் பிடிக்காது. பைத்தன் 3.8க்கு இனி ஆதரவில்லை என்று அறிவித்தார்கள். அதில் அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது, மொழியைச் செய்தவர்களே அந்தப் பதிப்பைக் கைகழுவிவிட்டார்கள். பொதி கட்டுகிறவர்களிடம் இப்படியான நேரத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பழையதை நிறுத்தப்போகிறோம், ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லுங்கள் என்று பொதுப் பலகையில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்புப் போடுவார்கள். இரண்டு கிழமை, பதினாலு நாள், பார்ப்பார்கள். ஒருவரும் வாய் திறக்காவிட்டால் மௌனம் சம்மதம், நிறுத்திவிடுவார்கள். பிரியந்தனும் போட்டான், பார்த்தான். பழைய பதிப்பில் இறக்குகிறவர்கள் உலகம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே என்று கணக்குக் காட்டியது. அவர்களில் ஒருவரும் மூச்சு விடவில்லை. நல்லதாய்ப் போயிற்று என்று வெள்ளி பின்னேரம் புதுப் பொதியைக் கட்டி ஏற்றினான். ஏற்றின கையோடு, இடத்தை அடைக்கிறது என்று பழைய பொதிகளையெல்லாம் அழித்தான். தலைப்பில் '3.8க்கு மேல்' என்றிருந்த ஒற்றை வரியை மட்டும் மாற்ற மறந்தான்.

கொட்டாஞ்சேனை வீட்டில், ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்த அக்காவின் மெஷின் அந்த வரியை நம்பியது. இது எனக்கும் பொருந்தும் என்று வழமைபோலத் தானாகவே புதியதை இறக்கிக்கொண்டது. இறக்கியதும் விழுந்தது.

இதையெல்லாம் சந்தை வாசலில் நின்றபடியே போனில் பார்த்து அறிந்துகொண்டான் பிரியந்தன். அக்காவின் வாயை அடைத்தது நோயல்ல, தான்தான் என்று விளங்கியபோது அவனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பின்னால் நின்ற மீன்காரன் "மல்லி, ஓனத?" என்று, தம்பி மீன் வேணுமா எனக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனான்.

முதல் வேலையாகப் புதுப் பொதியைக் களஞ்சியத்திலிருந்து இழுத்தெடுத்தான். பிறகு கடற்பக்கத்து ஒழுங்கையிலிருந்த தன் ஃபிளாட்டுக்கு ஓடிப்போய், பழைய பொதியை மறுபடி கட்ட உட்கார்ந்தான். மெஷினில் பைத்தனையே புதியதாக மாற்றிவிட்டால் என்ன என்று கேட்கலாம். கமராவை இயக்கும் துண்டு பழைய பதிப்புக்கென்றே இறுக்கிச் செய்தது. அதைச் செய்த கம்பனி எப்போதோ மூடியாயிற்று. புதியதைப் போட்டால் கமரா குருடாகிவிடும். வேறு கமராவோ, காய்ச்சலில் பாதி மூடிய இமைக்குள்ளே கண்மணியைத் தேடிப் பிடிக்காது. ஆகவே பழையதுதான் வேண்டும்.

ஆனால் அது கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. பழைய பொதி கேட்ட துணைப் பொருளும் பழைய பதிப்பைக் கைவிட்டிருந்தது. அதன் பழைய பிரதியைத் தேடிப் பிடித்தால், அது வேறொன்றைக் கேட்டது. அந்த வேறொன்றை யாரோ தன்னைப்போல ஒரு கெட்டிக்காரன் இடத்தை அடைக்கிறதென்று அழித்திருந்தான். மூலத்திலிருந்தே கட்டலாமென்று பார்த்தால், நெடுநேரம் ஓடிவிட்டுக் கடைசி வரியில் செத்தது. திருத்தினான், ஓடியது, வேறிடத்தில் செத்தது. பிரதி எடுத்து வையுங்கள், பிரதி எடுத்து வையுங்கள் என்று ஒபீஸில் எல்லோருடைய காதையும் தின்கிறவன், அக்காவின் மெஷினுக்கு ஒரு பிரதி எடுத்து வைக்கவில்லை. உபதேசம் ஊருக்குத்தான்.

மென்பொருளை எழுதினவர்களையும் கேட்டான். மரியாதையான பதில் வந்தது. அந்தப் பதிப்பை நாங்கள் இப்போது ஆதரிப்பதில்லை, தயவுசெய்து புதியதற்கு மாறிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அதே வசனத்தை, அதே தயவுசெய்துவோடு, அவன் எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறான். திரையைப் பார்த்துத் தூஷணத்தில் ஏசினான். ஏச்சு யாருக்கென்று அவனுக்குத் தெரியாமலில்லை.

பின்னேரம் பார்வை நேரத்துக்கு ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போனான். புஷ்பராஜ் கட்டில் ஓரத்தில் எழுத்துப் பலகையோடு உட்கார்ந்திருந்தார். உயிரெழுத்து ஒரு வரிசை, மெய்யெழுத்து ஒரு வரிசை, இரண்டையும் கூட்டினால்தான் ஓர் எழுத்து. ஒவ்வொன்றாய்த் தொட்டுக்கொண்டு போக வேண்டும், சரியானது வந்ததும் அவள் இமையை மூட வேண்டும். சுகமாக இருந்த நாளிலேயே ஒரு சொல்லுக்கு உயிர் போகும். இப்போது இமை தன்பாட்டில் விழுந்து எழும்பிக்கொண்டிருந்தது. வந்த எழுத்துகளைக் கூட்டிப் பார்த்தால் எந்த மொழியிலும் ஒரு சொல்லாகவில்லை.

அந்த நிலையை உண்டாக்கினது நான்தான் என்று பிரியந்தன் அத்தானிடம் சொன்னான். பதிப்பு, பொதி என்று அவன் விளங்கப்படுத்தியதில் பாதி அவருக்குப் பிடிபடவில்லை. நீதானே செய்தாய், நீயே சரியாக்கிவிடுவாய் என்றார். அவர் கோபித்து ஓர் அறை விட்டிருந்தால் பிரியந்தனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

புஷ்பராஜ் பலகையைக் கீழே வைத்துவிட்டு, மனைவியின் முகத்துக்கு நேரே குனிந்தார். "உஷா, கொழாய் போடச் சொல்லவா? போடணும்னா கண்ண மூடு," என்றார். இமை மூடியது. "பாத்தியா மச்சான்? ஆமாங்கிறா."

"அத்தான், கேள்வியை மாத்திக் கேளுங்கோ. வேண்டாமோ எண்டு கேட்டுப் பாருங்கோ."

புஷ்பராஜ் கேட்கவில்லை. பிரியந்தனே குனிந்து கேட்டான். இமை அதற்கும் மூடியது.

அவ இருக்கணும்னுதான் நினைப்பா, எனக்குத் தெரியாதா, எத்தனை வருசம் என்றாலும் நான் பார்த்துக்கொள்வேன் என்று புஷ்பராஜ் மெல்லச் சொன்னார். பிரியந்தனும் அதையேதான் நம்பினான். அக்கா எல்லாவற்றிலும் ஆசையுள்ளவள், வேண்டும் என்றுதான் சொல்வாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அது அவளுடைய சொல்லாக வர வேண்டும். நாளை மத்தியானம்வரை ஒன்றிலும் கையெழுத்து வைக்க வேண்டாம், அதற்குள் மெஷினோடு வந்துவிடுவேன் என்று அத்தானின் கையைப் பிடித்துக் கேட்டான். அவரும் சம்மதித்தார். அக்காவின் பாதி திறந்த கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பார்வையில் இருந்தது கோபமா, பயமா, கெஞ்சலா என்று அவனால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாததுதான் அவனைக் கொன்றது.

மெஷினைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தை பஸ்ஸில் திரும்பி வரும்போது, அந்த விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் அவன் நினைவுக்கு வந்தார்கள். அவனுடைய அறிவிப்புக்கு ஒரு பதிலும் எழுதாதவர்கள். அவர்கள் யார்? கண்ணால் மட்டும் பேச முடிந்தவர்கள்தானே இந்தப் பொதியை இறக்குவார்கள். வாய் இருந்தால் அவர்களுக்கு இந்தப் பொதி எதற்கு? வாயில்லாதவர்களிடம் போய் ஆட்சேபனை உண்டா என்று கேட்டு, பதில் வரவில்லையென்று சந்தோசப்பட்டிருக்கிறான். பம்பலப்பிட்டியில் ஏறிய ஒரு கிழவர் இடம் கேட்டதுகூட அவனுக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அதே பொதுப் பலகையில் எழுதினான். பிழை என்னுடையது, பழைய பதிப்பில் இருக்கிறவர்கள் மெஷினை நெட்டிலிருந்து கழற்றி வையுங்கள், உங்களிடம் பழைய கோப்புகள் இருந்தால் தயவுசெய்து எனக்கு அனுப்புங்கள், என் அக்கா நாளை மத்தியானத்துக்குள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதினான். எழுதிவிட்டு மறுபடி கட்டத் தொடங்கினான். அந்த இரவு எப்படிப் போனதென்று சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. விடிந்தபோது ஒரு பொதியும் உருப்படியாக நிற்கவில்லை. முகம் கழுவப் போனவன் குளியலறைச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு குழந்தைபோல அழுதான்.

திரும்பி வந்தபோது ஒரு பதில் வந்திருந்தது. போலந்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். அவளுடைய அப்பா இந்த மென்பொருளால்தான் பேசிக்கொண்டிருந்தாராம். ஏப்ரலில் இறந்துவிட்டார். அதன் பிறகு அந்த மெஷினைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. நேற்று அவனுடைய அறிவிப்பைப் பார்த்துவிட்டு, நெட்டைக் கொடுக்காமல் மின்சாரத்தை மட்டும் கொடுத்துத் திறந்து பார்த்தாளாம். நீங்கள் கேட்டதெல்லாம் அப்படியே இருக்கிறது, உங்கள் அக்காவுக்கு உதவட்டும் என்று முழுவதையும் அனுப்பியிருந்தாள்.

பிரியந்தன் கும்பிட்டான். யாரைக் கும்பிட்டான் என்று அவனுக்கே தெரியாது. கோப்புகளை எடுத்து அக்காவின் மெஷினில் வைத்தான். கமரா விழித்தது. எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. மெஷினை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினான். வழி முழுவதும் கதிர்காமத்தில் தொடங்கி கொச்சிக்கடை அந்தோனியார்வரை யாரையும் விடாமல் நேர்ந்துகொண்டான்.

வாட்டில் டொக்டர் இன்னும் வரவில்லை. புஷ்பராஜ் வெளியே வாங்குப் பலகையில், சட்டைப் பையில் பேனாவோடு உட்கார்ந்தபடி தூங்கிப்போயிருந்தார். ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு எழுப்புவோம் என்று அவரைத் தாண்டி உள்ளே போய், கட்டிலைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்து விட்டான். மெஷினை அக்காவின் முகத்துக்கு நேரே நிறுத்தினான். கண்மணிகள் கொஞ்ச நேரம் எழுத்துகளை நம்பாமல் பார்த்தன, பிறகு ஓடத் தொடங்கின.

"ரெண்டு நாளாய் என்னை ஊமையாக்கிப் போட்டாய்," என்றது சென்னைக் குரல், தலைப்புச் செய்தி வாசிக்கிற மிடுக்கோடு.

பிரியந்தன் அழுதுகொண்டே சிரித்தான். மன்னிப்புக் கேட்டான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, டொக்டர் சொன்னதை அப்படியே சொன்னான். குழாய் வைத்தால் என்ன, வைக்காவிட்டால் என்ன, இரண்டையும் சொன்னான். தன் ஆசையில் ஒரு சொல்லையும் அதில் கலக்காமல் இருக்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். சொல்லி முடித்துவிட்டு, வேண்டுமா அக்கா என்று கேட்டான்.

கண்மணிகள் நகர்ந்தன. எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

"வேண்டாம்."

அவனுடைய கை அவனைக் கேளாமலே ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தது. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் வாங்கு முனகியது. புஷ்பராஜ் எழும்பிவிட்டார் போலிருந்தது.

"அக்கா, யோசிச்சோ சொல்லுறீங்கள்?" என்று மெல்லக் கேட்டான்.

நேரம் எடுத்தது. "போன வருசமே யோசிச்சு முடிச்சிட்டன்," என்றது குரல், இப்போது முணுமுணுப்பாக.

இதைக் கேட்கவா இரண்டு நாள் தலைகீழாக நின்றேன் என்று நினைத்தான் பிரியந்தன். வேண்டும் என்ற ஒரு சொல்லைக் கேட்கத்தான் அத்தனை பாடும் பட்டிருக்கிறான். அவள் வேண்டாம் என்றதைக் கேட்டவன் அவன் ஒருவன்தான். மெஷின் மறுபடி விழுந்துவிட்டது என்று சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஒரேயொரு கட்டளை போதும், திரை கறுத்துவிடும். அத்தான் கையெழுத்து வைப்பார், அக்கா இருப்பாள். நாளைக்கும் இருப்பாள், அடுத்த வருசமும் இருப்பாள். பிறகு ஒருநாள் ஆறுதலாக மெஷினைத் திருத்திக்கொண்டு வரலாம். அவனுடைய விரல்கள் விசைப்பலகைக்கு மேல் நின்றன. அவற்றை எடுக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

அக்கா அவனுடைய விரல்களைப் பார்த்தாள். அவனுடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுத்துகளுக்குப் போனாள். இமை இடையில் விழுந்தது, எழும்பியது, விட்ட எழுத்திலிருந்து மறுபடி தொடங்கினாள்.

"தம்பி, சத்தத்தைக் கூட்டு."

பிரியந்தன் விரல்களை எடுத்தான். ஸ்பீக்கரை முழுதாகத் திருப்பிவிட்டான். திரைச்சீலையை விலக்கி, "அத்தான், உள்ளே வாங்கோ. அக்கா கதைக்கிறா," என்றான்.

அதைக் கேட்டு புஷ்பராஜ் முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தார்.